கேட்காமல் சாப்பிட்டது தெரியாமல் சாப்பிட்டதாகுமா?



ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்திற்கு விரதம் தொடங்கிவிட்டீர்கள். வீட்டில் அம்மாவும் உங்களுக்காகச் சைவச் சமையலுக்கு மாறிவிட்டார். வேலை விஷயமாகக் கூச்சிங்கிற்கோ கோத்தா கினபாலுவிற்கோ காலை விமானத்தில் போக வேண்டும். சிப்பாங் விமான நிலையத்தில் பை சோதனை எல்லாம் முடிந்து உள்ளே வந்தாச்சு. விமானம் ஏறும் வாசலை மூட இன்னும் 25 நிமிடம் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பியதால் பசியாறவில்லை. எதிரில் ஒரு கோப்பிக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டைத்தூள் தூவிய ரோல், கஸ்டர்ட் நிரப்பிய டேனிஷ், பளபளவென்று குரோசான். வரிசையில் மூன்று பேர்தான். ஒரு பேஸ்ட்ரி, ஒரு கோப்பி, வேலை முடிந்தது.

அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு குரல் மெதுவாகக் கேட்கும்: "இதுல முட்டை இருக்குமோ?" அது முடிவதற்குள் இன்னொரு குரல் வந்துவிடும்: "எதுக்குக் கேட்டுக்கிட்டு? தெரியாம சாப்பிட்டா தோஷமில்லை."

இந்த இரண்டாவது குரல் நம் எல்லாருக்கும் பழக்கமானது. பாட்டி சொன்னதாக, குருக்கள் சொன்னதாக, யாரோ சொன்னதாக நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. அது சொல்வது சரியா? கேட்காமல் இருந்தால், அது "தெரியாமல்" ஆகிவிடுமா? இதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். முட்டை சாப்பிடலாமா கூடாதா என்பது என் விவாதம் இல்லை. நம் வீடுகளில் பழக்கம் வேறுவேறு. பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவர்கள் உண்டு, முட்டை மட்டும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு, மாட்டிறைச்சி தவிர மற்றது சாப்பிட்டு விரத நாளில் மட்டும் சைவமாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் கோட்டை நீங்கள்தான் போட்டீர்கள். நீங்களே போட்ட கோட்டை நீங்கள் எப்படி மதிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அடிப்படையான குரோசான் மாவில் இருப்பது கோதுமை மாவு, வெண்ணெய், ஈஸ்ட், பால், சர்க்கரை, உப்பு. பல செய்முறைகளில் மாவுக்குள் முட்டை இருக்காது. ஆனால் அடுப்பில் வைக்கும் முன் மேலே முட்டையை அடித்துத் தடவுவது பேக்கரிகளில் பொதுவான வழக்கம். அந்தப் பொன்னிறப் பளபளப்பு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. கஸ்டர்ட் என்றாலே வழக்கமாக முட்டை மஞ்சள் கரு. பட்டை ரோல் மாதிரி மெத்தென்று இருக்கும் இனிப்பு ரொட்டிகளின் மாவிலும் முட்டை சேர்ப்பார்கள். மூஸ் வகைகளிலும், பழத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி நிற்கும் ஜெல்லியிலும் ஜெலட்டின் இருக்கலாம். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டம், நான் காயா ரொட்டி சாப்பிட்டுக்கிறேன்" என்று நகர்ந்தால் அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. காயா என்பதே தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை மூன்றையும் சேர்த்துக் கிண்டுவது. பண்டான் இலையின் மணத்தில் முட்டை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிறோம், ஆனால் நம்மில் எத்தனை பேர் அது எதில் செய்தது என்று கேட்டிருக்கிறோம்?

கோப்பியில் சிக்கல் குறைவு. கோப்பி ஓ என்றால் பால்கூட இல்லை. நம் ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது பழைய முறை. அதனால்தான் அந்தக் கறுப்பும் அந்த மணமும்.

அடுத்தது ஹலால் முத்திரை. அது இருந்தால் நமக்கும் சரிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். பன்றி சம்பந்தப்பட்டது இல்லை என்று அது சொல்லும், அந்த மட்டில் உதவிதான். ஆனால் முறைப்படி அறுத்த மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின் ஹலால்தான். முட்டையும் ஹலால்தான். அந்த முத்திரை நம் முஸ்லிம் நண்பர்களின் கேள்விக்குக் கிடைத்த பதில். நம் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும். ஆகவே பொட்டலமாக இருந்தால் திருப்பிப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் இருக்கும் டேனிஷைத் திருப்பிப் பார்க்க முடியாது. வாய் திறந்து கேட்க வேண்டியதுதான்.

தெரியாமை இரண்டு வகை

"தெரியாம செஞ்சா தோஷமில்லை" என்று பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. நம் தர்ம நூல்கள் தெரிந்து செய்ததையும் தெரியாமல் செய்ததையும் ஒரே தராசில் வைப்பதில்லை. இரண்டுக்கும் பிராயச்சித்தம்கூட வேறு. தெரியாமல் தவறியவனை வாட்டி எடுக்க வேண்டாம் என்ற இரக்கம் அதில் இருக்கிறது.

ஆனால் தெரியாமையில் இரண்டு வகை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, தெரிந்துகொள்ள வழியில்லாத தெரியாமை. ஒரு வீட்டில் சைவம் என்று சொல்லிப் பரிமாறுகிறார்கள், நம்பிச் சாப்பிடுகிறோம், அதில் ஏதோ கலந்திருந்தது பிறகுதான் தெரிய வருகிறது. இதில் நம் மனம் சுத்தமாக இருந்தது. இன்னொன்று, தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக நாமே ஏற்பாடு செய்துகொள்ளும் தெரியாமை. கேட்டால் பத்து விநாடியில் பதில் கிடைக்கும், பதில் சொல்லக்கூடிய ஆள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், ஆனாலும் கேட்கவில்லை. ஏன்? "ஆமா, முட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டால் வாங்க முடியாதே!

இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. நம்மையே இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: "பதில் எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்னு கேட்காம இருக்கேனா, இல்லை, பதில் எனக்குப் பிடிக்காததா வந்துடும்னு கேட்காம இருக்கேனா?" இரண்டாவது என்றால், பதிலில் பாதி நமக்கு முன்னாடியே தெரியும். தெரியாத விஷயத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. சந்தேகம் வந்த அந்த நொடியிலேயே "தெரியாமல்" என்ற சலுகை நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் கண்ணன் செயல்களை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறார். விளைவையும், பிறருக்கு வரும் துன்பத்தையும், தன் சக்தியையும் எண்ணிப் பார்க்காமல், மயக்கத்தால் தொடங்கும் செயலைத் தாமசம் என்கிறார். அங்கே குற்றமாகச் சொல்லப்படுவது எண்ணிப் பார்க்காமை. கெட்ட எண்ணம் இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்கிறார். தமஸ் என்றால் இருட்டு. விளக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இருட்டிலேயே உட்கார்ந்திருப்பது நம் தேர்வு.

திருக்குறளில் புலால் மறுத்தல் என்ற 26ஆம் அதிகாரத்திலும் இதே இடத்தை வள்ளுவர் தொடுகிறார். "நான் கொல்லலையே, காசு கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதானே" என்று சொல்பவருக்கு அவர் பதில் வைத்திருக்கிறார். தின்பதற்காக வாங்குபவர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்பது அதன் கருத்து. சமையலறை நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது. வாங்கும் கையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

உஷஸ்தி குடிக்காத தண்ணீர்

"அண்ணே, நேரமே இல்லை. விமானம் போயிடும். அவசரத்துல இதெல்லாம் பார்க்க முடியுமா?" நியாயமான கேள்விதான். நம் மரபு அவசரத்தைப் பற்றி என்ன சொல்கிறது? சாந்தோக்கிய உபநிடதத்தில் இதற்கென்றே வைத்த மாதிரி ஒரு கதை இருக்கிறது.

குரு நாட்டில் பயிரெல்லாம் அழிந்து பஞ்சம். உஷஸ்தி சாக்ராயணர் என்பவர் தம் இளம் மனைவியோடு ஓர் ஊரில் வறுமையில் இருக்கிறார். பசி தாங்கவில்லை. ஒருவர் பயறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, எனக்கும் கொடு என்கிறார். "நான் தின்றுகொண்டிருக்கும் இதைத் தவிர வேறு இல்லையே" என்கிறார் அவர். "அதையே கொடு" என்று வாங்கிச் சாப்பிடுகிறார். எச்சில் உண்ணக் கூடாது என்ற விதியை அறிந்தவர்தான் அவர். சாப்பிட்டதும், பயறு கொடுத்தவர் தாம் குடித்து மீந்த தண்ணீரையும் நீட்டுகிறார். உஷஸ்தி மறுக்கிறார், அது எச்சில் என்கிறார். "அந்தப் பயறு மட்டும் எச்சில் இல்லையா?" என்று அவர் கேட்கிறார். அதற்கு உஷஸ்தி சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அதைத் தின்னாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன், தண்ணீர் எனக்கு வேண்டும்போது கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் இது ஒன்று. உயிருக்கு ஆபத்து என்றால் விதி வழிவிடும், வழிவிட வேண்டும். நம் மரபு அதை ஆபத்து தர்மம் என்றே பெயர் வைத்து ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விதி வழிவிடுவது ஆபத்து இருக்கும் வரைக்கும்தான். முதல் வாய்க்குக் கிடைத்த சலுகையை அடுத்த வாய்க்கு அவர் நீட்டிக்கவில்லை.

விமான நிலையத்தில் நமக்கு இருப்பது அவசரம். ஆபத்து இல்லை. பல விமான நிறுவனங்கள் புறப்படுவதற்கு 10 முதல் 20 நிமிடத்திற்கு முன் வாசலை மூடிவிடுகின்றன, உண்மைதான். ஆனால் சுற்றிலும் வாழைப்பழம் இருக்கிறது, கடலை இருக்கிறது, கோப்பி ஓ இருக்கிறது, இலவசத் தண்ணீர்க் குழாய்கூட இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் மயங்கி விழப் போகிறார், கையில் கிடைத்தது ஒரு டேனிஷ்தான் என்றால், அவர் விரதத்தில் இருந்தாலும் அதைத்தான் கொடுக்க வேண்டும். அங்கே கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பதுதான் பாவம். மற்றவர்களான நமக்கு அந்த டேனிஷ் உஷஸ்தியின் பயறா, தண்ணீரா? மனசாட்சிக்குப் பதில் தெரியும்.

இங்கே நம் ஊர்த் தமிழில் ஒரு சொல் உதவுகிறது. காலை உணவை நாம் "பசியாறுறது" என்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலையில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். பசி ஆற வேண்டும், அதுதான் அந்தச் சாப்பாட்டின் வேலை. ஒரு பழமும் கோப்பியும் பசியை ஆற்றிவிடும். அதற்கு மேல் அந்தக் கண்ணாடிப் பெட்டி கூப்பிடுவது நாக்கின் ஆசையை. ஆசைப்படுவது தப்பில்லை, இனிப்பு சாப்பிடுவதும் தப்பில்லை. முருகனுக்கே பஞ்சாமிர்தம் படைக்கிறவர்கள் நாம்! ஆசைக்குப் பசி என்று பெயர் வைத்து, அந்தப் பசிக்கு ஆபத்து என்று பெயர் வைத்து, விரதத்தை நகர்த்தும்போதுதான் தகராறு.

புட்டிங்கில் முட்டை உண்டா என்று கேட்ட மாணவர்

"இதையெல்லாம் கேட்டா சிரிப்பாங்க" என்பது அடுத்த தயக்கம். கூட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார், கடைக்காரர் முறைப்பார். இளைஞர்களுக்கு இந்தக் கூச்சம் சின்ன விஷயம் இல்லை.

1888ஆம் ஆண்டு சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிய காந்திக்கு அப்போது 18 வயது. மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அங்கே முட்டை மாமிசம் ஆகாது என்று சிலர் வாதம் செய்தார்கள். கொஞ்ச நாள் அவரும் முட்டை சாப்பிட்டார். பிறகு யோசித்தபோது அவருக்கு ஒன்று புரிந்தது. மாமிசம் என்பதற்கு ஊரில் பல விளக்கம் இருக்கலாம், ஆனால் தாம் வாக்குக் கொடுத்தது தாயாரிடம். தாயார் மனத்தில் மாமிசம் என்ற சொல்லுக்கு என்ன பொருளோ அதுதான் தம்மைக் கட்டும். அவர் பார்வையில் முட்டையும் அதில் சேர்ந்தது. முட்டையை விட்டார். சத்திய சோதனையில் இதை அவரே விளக்கியிருக்கிறார். அதன் பிறகு சைவ உணவகங்களில்கூட எதில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்று விசாரிக்க வேண்டி வந்தது, புட்டிங், கேக் பலவற்றில் முட்டை இருந்தது என்றும் எழுதுகிறார்.

கேக்கில் முட்டை உண்டா என்று அந்நிய ஊரில் கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கூச்ச சுபாவமுள்ள மாணவரை நினைத்துப் பாருங்கள். அம்மா 7,000 கிலோமீட்டருக்கு அப்பால். பார்ப்பதற்கு யாரும் இல்லை. விளக்கத்தை வளைப்பதற்கு நல்ல வாதம் கைவசம் இருந்தது. ஆனாலும் வாக்குக்குச் சொந்தக்காரர் யாரோ அவர் அர்த்தப்படி நடப்பது என்று முடிவெடுத்தார். நம் விரதத்துக்கும் இந்த அளவுகோலைப் போட்டுப் பார்க்கலாம். காப்புக் கட்டிக்கொண்டபோது, மாலை போட்டபோது, முருகன் சன்னிதியில் நின்றபோது "சைவம்" என்று என்ன அர்த்தத்தில் மனதில் சொன்னோமோ, அதுதான் கணக்கு. டேனிஷைப் பார்த்த பிறகு வரும் புது அர்த்தம் கணக்கில் சேராது.

கூச்சம் போக இன்னொரு வழி, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்பது. நம் முஸ்லிம் நண்பர்கள் எந்த நாட்டு விமான நிலையத்திலும் "இது ஹலாலா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. கேட்பவர் குரலில் சங்கடம் இல்லாததால் கேட்கப்படுபவருக்கும் சங்கடம் வருவதில்லை. "காக், இனி அடா தெலூர்?" அக்கா, இதில் முட்டை இருக்கா? நாலு சொல்தான். சிரித்த முகத்தோடு கேட்டால் அந்த அக்காவும் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்.

இப்படிக் குறிப்பாகக் கேட்பது நல்லது. "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கு ஓர் அர்த்தம். மேற்கத்திய வழக்கில் பெரும்பாலும் முட்டையும் பாலும் அதில் அடக்கம். சீனப் பௌத்தச் சைவத்தில் பூண்டு வெங்காயம்கூடத் தவிர்ப்பார்கள். காய்கறிதானே என்று நம் ஊரில் கொடுக்கும் கங்கோங் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும், அது இறால். நமக்கு எது கூடாதோ அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் குழப்பமில்லை.

எதுவரைக்கும் கேட்பது?

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. கேட்க ஆரம்பித்தால் முடிவே இல்லை. மாவைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் பொருள் எதிலிருந்து வந்தது, சீஸில் இருக்கும் ரென்னெட் எது, அதே அடுப்பில் முன்னால் என்ன வைத்தார்கள், அதே இடுக்கியால் எதைத் தொட்டார்கள் என்று போய்க்கொண்டே இருக்கலாம். வரிசையில் நிற்பவர்களை நிறுத்திவைத்து, மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்து, "நான் எவ்வளவு ஆசாரம் பாருங்க" என்று காட்டுவது விரதம் ஆகாது. அது அகங்காரத்துக்குப் படைத்த நைவேத்தியம்.

பக்கத்தில் இருப்பவர் தட்டை எட்டிப் பார்த்து, "அதுல ஜெலட்டின் இருக்கு தெரியுமா?" என்று அவர் வாயில் இருக்கும் கவளத்தைக் கசக்க வைப்பதும் அப்படித்தான். நான் சொல்வது நம்மை நாமே கேட்கும் கேள்வி. அடுத்தவர் கோடு எங்கே என்று நமக்குத் தெரியாது.

நியாயமான அளவு எது? ஒரு கைப்பேசி வாங்க எவ்வளவு விசாரிக்கிறோம், எத்தனை காணொளி பார்க்கிறோம்? கடலை ஒத்துக்கொள்ளாத தங்கைக்குக் கேக் வாங்கும்போது என்ன கேட்போம்? லேபிளைப் பார்ப்போம், கடைக்காரரிடம் ஒரு தடவை தெளிவாகக் கேட்போம், சந்தேகம் தீராவிட்டால் வேறு வாங்குவோம். அந்த அளவு போதும். நமக்கு முக்கியமானதுக்கு எவ்வளவு கேட்போமோ அவ்வளவு கேட்டால், விரதமும் நமக்கு முக்கியம் என்று அர்த்தம்.

கேட்டபின் "தெரியலையே தம்பி, ரெடியா வருது, நாங்க சுடுறதுதான்" என்று பதில் வந்தால்? அப்போது இருக்கும் தெரியாமை நேர்மையான தெரியாமை. முடிந்ததைச் செய்தாச்சு. எனக்குத் தோன்றுவது, சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டு, கோப்பியை மட்டும் எடுத்துக்கொள்வது சுலபம். ஆனால் உண்மையாகவே பசித்து, வேறு வழியில்லாமல் ஒருவர் அதைச் சாப்பிட்டால், அவரைத் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. பெரியவர்கள் சொன்ன "தெரியாம சாப்பிட்டா தோஷமில்லை" இவருக்குத்தான்.

ஒரு டேனிஷுக்கு இவ்வளவா?

ஒரு தேக்கரண்டி முட்டைப் பூச்சுக்கு இத்தனை பக்கமா என்று நீங்கள் கேட்கலாம். முட்டை சின்ன விஷயமாகவே இருக்கட்டும். கேட்காமல் இருந்துவிடும் பழக்கம் சின்னதாக இருப்பதில்லை. அது வளரும்.

அதே விமான நிலையத்தில் பை கொடுக்கும் இடத்தில் நம்மைக் கேட்கிறார்கள்: "இந்தப் பையை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது எதையாவது கொண்டுபோகக் கொடுத்தார்களா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்திலும், சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்திலும், போதைப்பொருளை வைத்திருந்தவருக்கு அது என்னவென்று தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கிறது. தெரியாது என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன் என்பது அங்கே தற்காப்பு ஆகாது. "தெரிஞ்ச அண்ணன் கொடுத்தாரு, நான் திறந்து பார்க்கலை. டிக்கெட்டும் செலவுக்குக் காசும் கொடுத்தாரு, அதனால கேட்கலை." ஏன் இவ்வளவு காசு என்று அந்த நொடியில் கேட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும். பேஸ்ட்ரியும் போதைப்பொருளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கேட்டால் பிடிக்காத பதில் வரும், அதனால் கேட்க வேண்டாம்" என்று சொல்லும் குரல் இரண்டு இடத்திலும் ஒரே குரல்தான்.

இன்னும் எத்தனையோ இடத்தில் அது பேசுகிறது. சட்டை இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பதில்லை. குழுவில் வந்த செய்தி உண்மையா என்று கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்புகிறோம், ஏனென்றால் அது நமக்குப் பிடித்த செய்தி. விற்கச் சொல்லும் திட்டத்தில் கடைசியில் காசு இழப்பவர் யார் என்று கேட்பதில்லை, ஏனென்றால் கமிஷன் நல்லா வருகிறது. வாசலுக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கீங்களாம்மா? சரி, விமானம் ஏறப் போறேன்" என்று பதிலுக்கு முன்பே வைத்துவிடுகிறோம். முட்டி வலியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், டாக்டரிடம் கூட்டிப்போகும் பொறுப்பு நம் தலையில் வந்துவிடுமே! அவருக்கு வலி என்பது நமக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

விரதம் எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வருஷத்தில் சில நாள், சாப்பாடு என்ற தினசரி விஷயத்தில், "இது என்ன, இது எனக்குச் சரியா?" என்று நின்று கேட்கப் பழகுகிறோம். பெரிய விஷயங்களில் கேட்கும் தைரியம் திடீரென்று வந்துவிடாது. யாரும் பார்க்காத இடத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது, ஒரு சின்ன இனிப்புக்காகக் கேட்டுப் பழகியவனுக்குத்தான், நாளைக்கு ஒருவர் பையை நீட்டும்போது, "அண்ணே, இதுல என்ன இருக்கு?" என்று வாய் வரும்.

ஆகவே இளையோரே, இந்த விரத காலத்தில் ஒன்றே ஒன்று செய்து பாருங்கள். "இதைக் கேட்க வேண்டாமே" என்று மனசு ஒதுங்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒதுங்கும் அந்த இடத்திலேயே நின்று, மரியாதையாக, ஒரு தடவை கேளுங்கள். சில நாள் பிடித்த பதில் வரும், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். சில நாள் வெறும் கோப்பியோடு விமானம் ஏறுவீர்கள். எந்தப் பதில் வந்தாலும் உங்களிடம் நீங்களே ஒளித்துவைத்த எதுவும் அந்தப் பயணத்தில் உங்களோடு வராது.